ஓர் ஊரின் வயதைக் கொண்டு அதன் வேலைச் சந்தையைக் கணிப்பது எப்படி?

பினாங்கில் கடை திறக்கவோ கிளையை விரிவாக்கவோ எண்ணும் நம்மவர்கள் வாடகை, வாகன நிறுத்தம், எதிர்க்கடை ஆகியவற்றைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். அவ்வட்டாரத்தில் உழைப்பவர்களின் வயதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. ஆள் கிடைப்பதையும் விற்பனையாகும் பொருளையும் பெருமளவு தீர்மானிப்பது அந்த வயதுதான் என்பதால், முதலீட்டுக்கு முன் அதைக் கணக்கிடும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். ஊரில் இத்தனை வேலைதான் உண்டு, மூத்தவர் விலகினால்தான் இளையவருக்கு இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்து பொருளியலாளர் ராபர்ட் ஷைமர் 2001-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நேர்மாறாகச் சொன்னது: இளையோர் விகிதம் கூடிய மாநிலங்களில் வேலையின்மை குறைந்தது. இளையவர்கள் எளிதில் வேலை மாறுவார்கள் என்பதால், ஆள் கிடைக்கும் என்ற துணிவில் நிறுவனங்கள் அங்கே புதிய வேலைகளை உருவாக்கின என்பது அவர் தந்த விளக்கம். பின்வந்த ஆய்வுகள் அந்த விளைவின் அளவைக் கேள்விக்குள்ளாக்கின என்றாலும், ஆள்பலமே வேலையை வரவழைக்கும் என்ற கருத்தை ஒதுக்கிவிட முடியாது. பினாங்கில் 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலத்துக்கு இன்டெல் போன்ற நிறுவனங்களை ஈர்த்த காரணங்களுள், வேலை தேடிக்கொண்டிருந்த இளம்பெண்களின் பெருக்கமும் ஒன்று. அன்று பதினெட்டு வயதில் சேர்ந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

இனிக் கணக்கு. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் மாவட்ட வாரியாகவும் வயது வாரியாகவும் மக்கள்தொகை விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. 15 முதல் 24 வயது வரை உள்ளோரின் எண்ணிக்கையை 55 முதல் 64 வயது வரை உள்ளோரின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றுக்கு மேல் இருந்தால், அடுத்த பத்தாண்டுகளில் வேலைக்கு வருவோர் விலகுவோரைவிட அதிகம். ஒன்றை நெருங்கினாலோ அதற்குக் கீழே போனாலோ, ஆளுக்குப் போட்டி கடுமையாகும். இதைச் செய்கையில் குடியுரிமை இல்லாதவர்களைக் கட்டாயம் தனியே பிரித்துவிடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்கள் என்பதால், அவர்களையும் சேர்த்தால் ஊர் உள்ளபடியைவிட இளமையாகத் தோன்றும். வெளிநாட்டார் வேலை உரிமக் கொள்கை மாறும் நாளில் அந்த இளமையும் போய்விடும். 2009-இல் வெளிநாட்டு ஆள்சேர்ப்பு முடக்கப்பட்டபோது, இந்தியர் நடத்தும் முடிதிருத்தகம், துணிக்கடை, நகைத்தொழில் ஆகிய மூன்றும் பட்ட பாட்டை அத்தொழிலில் உள்ள எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலியான நாற்காலிகளுக்கு உள்ளூர் இளைஞர்கள் வரிசையில் வந்து நிற்கவில்லை.

மாவட்ட எல்லையோடும் நின்றுவிடக் கூடாது. வேலைநேரம் மாறும் மாலைப்பொழுதில் பாயான் லெப்பாசில் தொழிற்சாலைப் பேருந்துகளின் முகப்புப் பலகையைப் படித்தால், சுங்கைப் பட்டாணி, கூலிம் என்று கெடா மாநில ஊர்ப்பெயர்கள் தென்படும். அந்தப் பேருந்து போய்த் திரும்பும் தூரம்தான் உங்கள் உண்மையான வேலைச் சந்தை. ஆகவே அவ்வூர்களின் விகிதத்தையும் கணக்கிடுங்கள்.

அடுத்து, மூப்படைவது வாடிக்கையாளரா தொழிலாளியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பலரும் தடுமாறும் இடம் இதுவே. வாடிக்கையாளர் மூப்படைந்தால் மருந்தகம், சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம், வீட்டுப் பராமரிப்பு, சமைத்த உணவு விநியோகம் போன்றவற்றுக்குத் தேவை பெருகும்; ஆனால் இவை ஆள் கொண்டே செய்ய வேண்டியவை, அதிலும் நோயாளியைத் தூக்கி அமர்த்த இளம் உடல் வேண்டும். தொழிலாளி மூப்படைந்தால் ஆலைகள் இயந்திரத்தை நாடும். விரைவாக மூப்படையும் நாடுகளே தொழிற்சாலை ரோபோக்களை அதிகமாகப் புகுத்துகின்றன என்று பொருளியலாளர்கள் டாரன் அசெமோக்லுவும் பாஸ்குவல் ரெஸ்ட்ரெப்போவும் காட்டியுள்ளனர். விட்ராக்ஸ், பென்டாமாஸ்டர் போன்ற தானியங்கிக் கருவி நிறுவனங்கள் பினாங்கிலேயே வளர்ந்திருப்பதால், பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி தேடும் பெற்றோர் இயந்திரப் பராமரிப்புப் படிப்பைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். சிறு உணவகத்துக்கோ இயந்திரத்தை நாடும் வழி அவ்வளவு எளிதல்ல.

அத்தகைய கடைக்காரர்கள் மூத்தவர்களையே வேலைக்கு எடுப்பது பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. அது முதலாளி கட்டாயமாக ஓய்வு கொடுப்பதற்கான வரம்பே தவிர, உழைப்பதற்கான வரம்பல்ல. அறுபதைக் கடந்த குடிமகனுக்கு ஊழியர் சேமநிதியில் முதலாளி கட்ட வேண்டிய குறைந்தபட்சப் பங்கு 4 விழுக்காடு மட்டுமே. இளைய ஊழியருக்கு அது சம்பளத்தைப் பொறுத்து 12 அல்லது 13 விழுக்காடு. கல்லாவில் அமர்வது, காய்கறி நறுக்குவது, மதிய நெரிசலில் மட்டும் நான்கு மணி நேரம் பரிமாறுவது என்று வேலையைத் துண்டுபோட்டு விளம்பரம் செய்யுங்கள். "முழுநேர ஆள் தேவை" என்ற பலகைக்கு வராதவர்களும் இதற்கு வருவார்கள்.