கத்தியா, துப்பாக்கியா: தற்காப்பு விஷயத்தில் பலரும் செய்யும் தவறுகள்

தற்காப்புக்கு எதை வைத்துக்கொள்வது, கத்தியா கைத்துப்பாக்கியா என்று கேட்பவர்களில் நிறையப் பேர் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அங்கே இது நிஜமான கேள்வி, பல மாநிலங்களில் கடைக்குப் போய் இரண்டையுமே வாங்கிவிடலாம். ஆனால் அங்கேயே இந்த ஒப்பீட்டைத் தப்பாகத்தான் செய்கிறார்கள். எது அதிகம் காயப்படுத்தும் என்று பார்க்கிறார்களே தவிர, எதிரே வருபவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், நமக்கு எத்தனை நொடி கிடைக்கும் என்று யோசிப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

தூரம் என்றதும் எல்லோரும் சொல்வது '21 அடி விதி'. 1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் என்பவர் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். இடுப்பு உறையில் இருக்கும் துப்பாக்கியை உருவி இலக்கைச் சுட, பயிற்சி உள்ளவருக்குச் சுமார் ஒன்றரை நொடி ஆகும். அதே ஒன்றரை நொடியில் கத்தி வைத்திருப்பவன் 21 அடியை, அதாவது ஏறக்குறைய 6.4 மீட்டரை, ஓடிக் கடந்துவிடுவான். அவ்வளவுதான் அவர் சொன்னது. இதை வைத்து '21 அடிக்குள் கத்திதான் ஜெயிக்கும்' என்று ஒரு கூட்டமும், '21 அடிக்குள் கத்தியோடு எவன் நின்றாலும் சுட்டுவிடலாம்' என்று இன்னொரு கூட்டமும் கிளம்பிவிட்டது. இரண்டுமே அந்தச் சோதனையில் இல்லை. அந்த ஒன்றரை நொடி என்பது பயிற்சி பெற்றவருக்கு, அதுவும் தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போது. ஹேண்ட்பேக்கின் ஜிப்பைத் திறந்து, சாவிக்கொத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அடியில் விரலால் துழாவி எடுக்கவேண்டிய பொருள் துப்பாக்கியாக இருந்தாலும் கத்தியாக இருந்தாலும் ஒன்றுதான், அது கைக்கு வருவதற்குள் அவன் வந்துவிடுவான். ஆகவே ஒருவன் நடவடிக்கை சரியில்லை என்று தோன்றிய அந்த நிமிடமே விலகிப் போவது, நடுவில் ஒரு காரையோ மேசையையோ விட்டுக்கொள்வது, கதவைச் சாத்துவது, இவைதான் நொடிகளைச் சம்பாதித்துக் கொடுக்கும்.

அடுத்தது, ஒரு குண்டோ ஒரு குத்தோ விழுந்தால் ஆள் அங்கேயே சாய்ந்துவிடுவான் என்ற நம்பிக்கை. சினிமா கொடுத்த நம்பிக்கை இது, மிகவும் ஆபத்தானது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ என்ற அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பின் ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. கொள்ளையரில் ஒருவனுக்குச் சண்டையின் தொடக்கத்திலேயே உயிர்போகும் அளவுக்குக் குண்டுக்காயம். ஆனாலும் அவன் விழவில்லை, தொடர்ந்து சுட்டு இரண்டு எஃப்பிஐ ஏஜென்டுகளைக் கொன்றான். அதற்குப் பிறகு எஃப்பிஐ இதை ஆராய்ந்தது. 1989-ல் வெளியான அவர்களுடைய அறிக்கை, இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ஒருவனை 10 முதல் 15 நொடி வரை இயங்கவைக்கப் போதும் என்கிறது. 15 நொடியில் ஒருவன் எத்தனை முறை குத்தமுடியும் என்று நினைத்துப்பாருங்கள். கைத்துப்பாக்கிக்கே இந்த நிலை என்றால், கத்தியைக் காட்டி ஆளை நிறுத்திவிடலாம் என்பதை எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கத்தி விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன், ஏனென்றால் 'சும்மா பாதுகாப்புக்கு' என்று எளிதாகக் கையிலெடுப்பது அதைத்தான். கத்தி பயன்படும் தூரம் கை நீளம். அந்தத் தூரத்தில் எதிராளியின் கையும் உங்களை எட்டும். கத்திக்குத்து வழக்குகளில் பிரேதப் பரிசோதனை செய்கிற மருத்துவர்கள் முக்கியமாகத் தேடுவது உள்ளங்கையிலும் முன்கையிலும் இருக்கும் தற்காப்புக் காயங்களை, வெறுங்கையால் தடுக்கும்போது விழுபவை அவை. குத்துகிறவன் கையும் தப்பாது. சமையலறைக் கத்தியில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு கிடையாது, முனை எலும்பில் முட்டி நிற்கும்போது வியர்வையோ ரத்தமோ பட்ட கை அப்படியே அலகின் மேல் வழுக்கிப் போகும். மடக்குக் கத்தி என்றால் இன்னொரு சிக்கல், ஒரு கையை அவன் பிடித்திருக்கும்போது மறுகையால் மட்டும் பிரிக்கவேண்டும்.

துப்பாக்கிக்காரர்கள் செய்யும் தவறு வேறு. வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008-ல் நியூயார்க் போலீஸைப் பற்றி வெளியிட்ட ஆய்வின்படி, எதிராளி திருப்பிச் சுடும் சண்டைகளில் போலீஸார் சுட்டதில் நூற்றுக்கு 18 குண்டுகள்தான் பட்டிருக்கின்றன. சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி எடுப்பவர்களுக்கே இப்படி. மீதி 82 எங்கே போயின என்று கேட்கவேண்டும். அடுக்குமாடி வீட்டில் அது பக்கத்து வீட்டுக் கூடமாகக்கூட இருக்கலாம். அப்புறம், தலையணைக்கு அடியில் வைத்தால் குழந்தை கைக்கு எட்டும், பூட்டி வைத்தால் அவசரத்துக்குக் கிடைக்காது. இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டித்தான் வைக்கவேண்டும், அதில் பேரமே கூடாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2014-ல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைப் பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி அறிமுகப்படுத்தியது, விலை 1.22 லட்சம் ரூபாய். பணம் இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸ் கிடைத்தாலும் தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கத்திக்குச் சட்டமே இல்லை என்று நினைப்பதும் தவறுதான். வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ என்று செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ளவை ஆயுத விதிகள் 2016-ன் ஆயுதப் பட்டியலுக்குள் வருகின்றன. அதைவிடச் சின்னது என்றாலும், எதற்கு வைத்திருந்தாய் என்று இரவு ரோந்துப் போலீஸ் கேட்கும்போது 'யாராவது வந்தால் குத்துவதற்கு' என்ற பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. லண்டனில் இருக்கும் நம் ஆட்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அங்கே தற்காப்பு என்பதைக் கத்தி வைத்திருக்கத் தகுந்த காரணமாக ஏற்பதில்லை. ஊரிலிருந்து வாங்கிப் போகிற பெப்பர் ஸ்ப்ரேகூட அங்கே தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

கடைசியாக ஒன்று, இது எந்த ஆயுதத்துக்கும் பொருந்தும், வெறுங்கைக்கும் பொருந்தும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, உயிர் போய்விடும் என்ற நியாயமான பயம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் அது நீளும். ஆனால் 37-ம் பிரிவு அதற்கு எல்லை போடுகிறது, தேவைக்கு மேல் தாக்கக்கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை. அவன் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப்போய் ஒரு வெட்டு வெட்டினால், அது தற்காப்புக் கணக்கில் வராது. அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் வழக்கில் அவன் பக்கம் போய்விடும். அவன் ஓடினால் விட்டுவிடுங்கள், வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்குப் போய் அவசர உதவி எண் 112-க்கு அடியுங்கள், முதல் புகார் உங்களுடையதாக இருக்கட்டும்.