ஆப்பிரிக்கத் தலைவர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பத்திரிகையில் வெளிநாட்டு அரசியல் எழுத இரண்டு இளைஞர்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த முதல் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தபோது, பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதியதையே திரும்பப் படிப்பதுபோல் இருந்தது. அதே வேகம், அதே முடிவு, அதே பிழை. ஊர்ப் பெயரை மாற்றி எழுதுவது, கண்டத்தையே ஒரு நாடாக நினைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அட்லஸைப் புரட்டினால் அவை சரியாகிவிடும்.

ஆளைப் பார்த்து நாட்டை எடை போடுவது

2014 அக்டோபர். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் அதிபர் பிளேஸ் கொம்பாவோரே பதவிக்கு வந்து 27 ஆண்டுகள் நிறைந்திருந்தன. 1987 அக்டோபர் 15 அன்று அப்போதைய அதிபர் தாமஸ் சங்கரா சுட்டுக் கொல்லப்பட்ட ஆட்சிக்கவிழ்ப்பில் அதிகாரத்தைப் பிடித்தவர் அவர். ஒருவர் எத்தனை முறை அதிபராகலாம் என்று வரம்பு கட்டும் அரசியல் சட்டத்தின் 37ஆம் பிரிவைத் திருத்திவிட்டு மறுபடியும் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். கட்சி அவர் கையில், தனிக் காவல்படை அவர் கையில், அண்டை நாட்டுச் சண்டைகளுக்கே பஞ்சாயத்துப் பேசுபவர். “இவரை அசைக்க அங்கே ஆள் இல்லை” என்று முடித்திருந்தேன்.

இதழ் அச்சுக்குப் போனது. அக்டோபர் 27 அன்று தலைநகர் வாகாடூகுவில் பெண்கள் களி கிண்டும் மரத்துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கம்பு மாவிலும் சோள மாவிலும் கிண்டும் களிதான் அந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடு. அந்தத் துடுப்பை ஒரு ஆணுக்கு எதிராக ஒரு பெண் ஓங்கினால் அது சாபத்துக்குச் சமம். அடுத்த நாள் பெருங்கூட்டம் திரண்டது. 30ஆம் தேதி, சட்டத்திருத்தம் வாக்கெடுப்புக்கு வரவிருந்த நாளில், நாடாளுமன்றம் தீப்பற்றி எரிந்தது. 31ஆம் தேதி கொம்பாவோரே பதவி விலகி, பிரான்ஸின் உதவியோடு ஐவரி கோஸ்ட் போய்ச் சேர்ந்தார். எங்கள் இதழ் கடைக்கு வந்தது அதற்கு அடுத்த வாரம்.

ஒரு கிராம நூலகர் எனக்குப் போன் செய்தார். “உங்க கட்டுரையைத்தான் சார் வாசகர் வட்டத்துல சத்தமா படிச்சேன். ஒரு பையன் எழுந்து, அவரு போன வாரமே ஓடிட்டாரேன்னு கேட்டான்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அச்சு தாமதமானதை நான் காரணமாகச் சொல்ல மாட்டேன். தடயங்கள் எல்லாம் கண் முன்னால் இருந்தன. அந்த நாட்டின் முதல் அதிபர் மொரீஸ் யமியோகோவை 1966 ஜனவரி 3 அன்று வீட்டுக்கு அனுப்பியது தொழிற்சங்கங்கள் கூட்டிய கூட்டம். 1998 டிசம்பரில் பத்திரிகையாளர் நோர்பர்ட் சோங்கோ கொல்லப்பட்டபோது நாடே தெருவுக்கு வந்தது. 2011 ஏப்ரலில் கொம்பாவோரேயின் காவல்படையே கலகம் செய்து, அவர் தலைநகரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2013இல் இசைக்கலைஞர்கள் சிலர் ‘குடிமக்களின் துடைப்பம்’ என்ற பொருள் தரும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். இவை ஒவ்வொன்றும் என் குறிப்பேட்டில் இருந்தன. கட்டுரையில் ஒன்றுகூட இல்லை. தலைவரின் கதைக்கு இவை இடைஞ்சல் என்று விட்டுவிட்டேன்.

புதியவர்கள் கொடுத்த இரண்டு கட்டுரைகளிலும் இதே ஓட்டை. ஒன்றில் எழுவாய் எல்லாமே அதிபர்தான்: அதிபர் கட்டினார், அதிபர் நசுக்கினார், அதிபர் வாங்கினார். மக்கள் செயப்படுபொருளாக மட்டும் வருகிறார்கள். ஒரு தலைவரைப் பற்றி எழுதுமுன் அங்கே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது யார், நிலத் தகராறை யார் தீர்த்துவைக்கிறார்கள், கடையடைப்பு என்று யார் சொன்னால் சந்தை மூடும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் எல்லாமே ‘அதிபர்’ என்று வந்தால் நீங்கள் இன்னும் தேடவில்லை.

ஆட்சி, அரசு இரண்டையும் ஒன்றாக எழுதுவது

தமிழில் இந்தக் குழப்பம் சுலபமாக வந்துவிடுகிறது. ‘அரசு’ என்றே இரண்டையும் எழுதிப் பழகிவிட்டோம். ஆட்சி என்பது அதிகாரத்தில் இருப்பவர்களின் பிடி. அரசு என்பது பள்ளி, சம்பளம், நாணயம் என்று நாட்டின் வேலையை நடத்தும் அமைப்பு. ஜயரை, அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 முதல் 1997 வரை அதிபர் மொபுட்டு ஆண்ட நாடு. பிறக்கும் குழந்தையே அவருடைய கட்சியின் உறுப்பினர். தொலைக்காட்சிச் செய்தி தொடங்குமுன் மேகத்திலிருந்து அவர் முகம் இறங்கி வரும். ஆட்சி அவ்வளவு இறுக்கம். ஆனால் 1974இல் தேவாலயங்களிடமிருந்து பிடுங்கிய பள்ளிகளை நடத்த முடியாமல் 1977இல் திருப்பிக் கொடுத்தது அதே அரசு. 1993 ஜனவரியில் 50 லட்சம் ஜயர் (நாணயத்துக்கும் அதே பெயர்) நோட்டை வெளியிட்டுப் படைவீரர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தார்கள். மொபுட்டுவின் எதிராளியாகிவிட்ட பிரதமர் சிசெகெடி, அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார். நோட்டில் அதிபரின் முகம் இருந்தது, கடைக்காரர்கள் வாங்கவில்லை. வீரர்கள் கடைகளைச் சூறையாடினார்கள். பயமுறுத்தத் தெரிந்த ஆட்சி அது. சொந்த நோட்டைச் செல்லவைக்க அதனால் முடியவில்லை. இதை ‘வலுவான அரசு’ என்று எழுதினால் அந்த வரியை நான் அடித்துவிடுவேன்.

சமூகம் என்றால் எதிர்த்து நிற்பது மட்டும் என்று நினைப்பது

செனகலில் தூபா நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட முரீது சகோதரத்துவம் என்ற இஸ்லாமிய சூஃபி அமைப்பின் தலைமை கலீஃபா, 1988 தேர்தலில் அதிபர் அப்து தியூஃபுக்கு வாக்களிக்கும்படி சீடர்களுக்கு வெளிப்படையாகக் கட்டளையிட்டார். சமூகத்தில் செல்வாக்குள்ளவர்கள் ஆட்சிக்கு முட்டுக்கொடுப்பதும் உண்டு, அந்த முட்டுக் கம்பை உருவிவிடுவதும் உண்டு. 2000 தேர்தலில் அப்படி ஒரு கட்டளை வரவில்லை, தியூஃப் தோற்றார்.

‘பழங்குடித் தலைவர்’ என்ற சொல்

விட்டுவிடுங்கள். கானாவில் அசாந்தி மக்களின் மன்னரை அசாந்தி மன்னர் என்றே எழுதலாம். அந்த நாட்டின் 1992 அரசியல் சட்டம் மரபுத் தலைமைக்கு உத்தரவாதம் தந்து, மரபுத் தலைவர்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்றும் விதித்திருக்கிறது.

தலைவர் ஓடியதும் முற்றுப்புள்ளி வைப்பது

என் முதல் தவறைத் திருத்தப் போய் நான் செய்த இரண்டாவது தவறு இது. கொம்பாவோரே போனதும் ‘மக்கள் வென்றார்கள்’ என்று எழுதி, ஃபைலை மூடிவிட்டேன். 2015 செப்டம்பர் 16 அன்று அவருடைய பழைய காவல்படை இடைக்கால அதிபரைச் சிறைபிடித்தது. ஒரு வாரம் இழுபறி. கடைசியில் அந்தப் படைக்கும் ராணுவத்துக்கும் இடையிலான உடன்பாடு வாசிக்கப்பட்டது அந்த நாட்டின் பெரிய இனமான மோசி மக்களின் மரபு மன்னர் மோகோ நாபாவின் முன்னிலையில். அரசியல் சட்டப்படி அவருக்கு எந்த ஆட்சி அதிகாரமும் கிடையாது. 2022இல் இரண்டு முறை ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜனவரியில் வீரர்களை வாழ்த்தி வாகாடூகுவின் தெருக்களில் ஆட்கள் கூடினார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒருவரை விரட்டிய அதே நகரம்.

இளைஞர் ஒருவரின் கட்டுரையில் கடைசிப் பத்தியைச் சுழித்து, “இவர் போன மறுநாள் காலை யார் பள்ளியைத் திறந்தார்கள்?” என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருத்திய படி செவ்வாய்க்கிழமை வர வேண்டும்.