மனச்சோர்வு மாத்திரையால் சோடியம் குறைந்தால் கண்டறிவது எப்படி?

செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களில், குறிப்பாக 65 வயதைக் கடந்தவர்களுக்கு, இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்துவிடக்கூடும். சிறுநீர் வழியே நீர் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் தேவைக்கு மேல் செயல்படுவதால் உடலில் நீர் தங்கி, சோடியம் நீர்த்துப்போகிறது. ஆகவே உணவில் உப்பைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுவது தவறு.

பெண்களுக்கும், உடல் எடை குறைந்தவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். இத்தகையோர் தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவித்து, மாத்திரை தொடங்கும் முன்பும், தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள்ளும் சோடியம் பரிசோதனை தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு.

தலைவலி, குமட்டல், அசதி, நடையில் தள்ளாட்டம், திடீர்க் குழப்பம் ஆகியவை தோன்றினால், வயதாகிவிட்டது என்றோ மனச்சோர்வு முற்றிவிட்டது என்றோ வீட்டார் தள்ளிப்போடுவதுண்டு. நாள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அன்றே மருத்துவரை அணுகி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வலிப்போ சுயநினைவிழப்போ ஏற்பட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சோடியம் குறைந்தது உறுதியானால், மருத்துவர் அதை நிறுத்தவோ, இந்த விளைவு குறைவாகக் காணப்படும் மிர்டசாபின் போன்ற வேறொரு மருந்துக்கு மாற்றவோ முடிவுசெய்வார்.