தேர்வு முடிவு நாளில் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளுக்கான ஆயத்தம் சில நாட்களுக்கு முன்பே வீட்டில் தொடங்க வேண்டும். "மதிப்பெண் எப்படி வந்தாலும் அன்று மதியம் நாம் சேர்ந்துதான் சாப்பிடுவோம்" என்று அம்மாவோ அப்பாவோ முன்கூட்டியே சொல்லிவிடுவது, முடிவு வந்தபின் சொல்லும் எந்த ஆறுதலையும்விட ஆழமாக மனத்தில் பதியும்.

அன்று உறவினர்களின் அழைப்புகளைப் பெரியவர்களே எடுத்துப் பேசுங்கள். கைப்பேசியை நீட்டி, "மாமா கேட்கிறார், நீயே சொல்" என்பது, என் பார்வையில், வசவைக் காட்டிலும் கொடியது. மதிப்பெண் குறைந்திருந்தால் உடனே அறிவுரை கூறாமல் அருகில் அமருங்கள். அழுதால் அழ விடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை எடுக்கவே வேண்டாம். மறுகூட்டல், துணைத் தேர்வு ஆகியவற்றை மறுநாள் நிதானமாகப் பேசலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதை மட்டும் பெரியவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை உண்ணாமல், உறங்காமல் ஒதுங்கியே இருந்தாலோ, "நான் இருந்து என்ன பயன்" என்பதுபோலப் பேசினாலோ, ஒரு நொடியும் தனியே விடாமல் உடனிருந்து, 24 மணி நேரமும் இயங்கும் மத்திய அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணையோ தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணையோ அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.