திருப்பதியில் இன்னொரு நாள் தங்குங்கள்

வில்லிவாக்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பதி போய்வருகிறோம். நான், என் கணவர், அத்தை, பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். ரொம்ப நாளாகத் தரிசனம், லட்டு, உடனே வண்டி என்றுதான் வழக்கம். ஒரு தடவை திரும்பும் வழியில் பெண் கேட்டாள்: "அம்மா, இந்த ஊர்ல வரிசையைத் தவிர வேற எதுவுமே இல்லையா?" அதிலிருந்துதான் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்க ஆரம்பித்தோம். இப்போது குழந்தைகள் காத்திருப்பதே அந்த இரண்டாம் நாளுக்குத்தான்.

தரிசனம் முடிந்ததும் அசதியோடு ஆறு இடம் சுற்றக் கிளம்பாதீர்கள். மலைமேல் இரண்டே இடம் போதும். ஒன்று, கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிலாதோரணம். சுமார் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள கல் வளைவு. யாரும் செதுக்கியது இல்லை, காற்றும் தண்ணீரும் அரித்தே உண்டானது. பாறையின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அதனால் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் பார்த்தால் வெறும் பாறைதான்.

இரண்டாவது ஆகாச கங்கை. இங்கே கதைதான் முக்கியம். ராமானுஜரின் தாய்மாமன் திருமலை நம்பி, பெருமாள் அபிஷேகத்துக்கு, மலைமேலேயே தள்ளி இருக்கும் பாபவிநாச தீர்த்தத்திலிருந்து தினமும் தண்ணீர் சுமந்து வருவாராம். ஒரு நாள் வேடன் வேஷத்தில் வந்த பெருமாள், "தாத்தா, தாகமா இருக்கு" என்று கேட்டு, குடத்தில் ஓட்டை போட்டு முழுவதையும் குடித்துவிட்டார். வயதானவர் கலங்கி நிற்க, மலையில் ஓர் அம்பை எய்தார். அங்கிருந்து பொங்கியதுதான் இந்தத் தண்ணீர் என்பார்கள். அத்தை இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் தழுதழுக்கும். அருவியருகே போகப் படி இறங்க வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்களை மேலேயே உட்காரவைத்துவிட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், அத்தைக்கு அதுவே நிறைவு. பாபவிநாசத்தை நேரமிருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

மலையிறங்கும் முன் சின்னப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்காதீர்கள். அந்த வளைவுகளில் என் பையன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையில் எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். அன்று இரவு கீழ்த் திருப்பதியில் தங்கிவிடுங்கள்.

மறுநாள் காலை சீக்கிரமே திருச்சானூர் போய்த் தாயாரைச் சேவியுங்கள். அப்புறம் ஊருக்கு மேற்கே, சுமார் 12 கிலோமீட்டரில் சீனிவாச மங்காபுரம். கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில், திருமலை மாதிரி நெரிசல் கிடையாது. கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவர்களும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களும் தேடி வருவார்கள். பெருமாளை நின்று நிதானமாகப் பார்க்க முடிகிற இடம் என்பதால் அத்தைக்கு இதுதான் பிடித்த கோயில்.

அதே சாலையில் கொஞ்ச தூரம் போனால் சந்திரகிரிக் கோட்டை. இதற்கு இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்று ஹம்பியை விட்டு வந்த விஜயநகர அரசர்கள், முதலில் பெனுகொண்டாவுக்கும் அப்புறம் இங்கேயும் வந்தார்கள். மூன்று மாடி ராஜா மகால், பக்கத்தில் சின்னதாக ராணி மகால், பின்னால் பாறைக் குன்று. ராஜா மகால் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. உள்ளே அருங்காட்சியகம், அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சுற்றிலும் புல்வெளி, பிள்ளைகள் ஓடியாடலாம்.

சென்னைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சொந்தம் உண்டு. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவர் இந்த விஜயநகர வம்சத்துக்கு அடங்கிய நாயக்கர். அவருடைய அப்பா சென்னப்ப நாயக்கர் பெயரிலிருந்துதான் சென்னை என்ற பெயர் வந்தது என்பார்கள். மகாலின் மேல்மாடத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். பெண் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்போ நம்ம ஊருக்கும் இவங்களுக்கும் சொந்தமா?" என்றாள். பள்ளிப் புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது.

திருப்பதி உயிரியல் பூங்காவும் பெரியது, 5,500 ஏக்கருக்கு மேல். ஆனால் அதற்கே அரை நாள் போய்விடும். நமக்கு வண்டலூர் இருக்கிறது, கோட்டை இல்லை. அதனால் நான் கோட்டையைத்தான் சொல்வேன். கபில தீர்த்தத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அருவி கொட்டும்.

திரும்பும்போது திருத்தணி வழியை விட்டு, புத்தூரிலிருந்து ஊத்துக்கோட்டை வழியைப் பிடியுங்கள். ஒரு முறை அவசரப்பட்டு நட்டநடு மதியத்தில் அந்த வழியில் வரும் நாகலாபுரம் போய், நடை சாத்திய கோயில் வாசலில் வெயிலில் காத்துக்கிடந்தோம். சாப்பாட்டை மெதுவாக முடித்துக்கொண்டு, மாலை நடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவி பெயரில் உண்டாக்கிய ஊர் இது. இங்குள்ள வேதநாராயணர் மச்ச அவதாரம், இடுப்புக்குக் கீழே மீன் உருவம். மார்ச்சில் மூன்று நாள் மாலைச் சூரியன் நேராக மூலவர்மேல் விழும். அந்த நாட்களில் கூட்டம் அதிகம், பிள்ளைகளோடு என்றால் வேறு நாள் பாருங்கள்.

கடைசியாகச் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷம் உண்ட களைப்பில் சிவபெருமான் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் கோயில். சனிப் பிரதோஷத்தன்று நெருங்கவே முடியாது, மற்ற நாளில் அமைதியாக இருக்கும். போன தடவை பையன் சன்னதியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சாமிக்கு இப்ப வயிறு சரியாயிடுச்சா பாட்டி?" என்று கேட்டான். "ஆயிடுச்சுடா கண்ணா, அம்பாள் பார்த்துக்கிட்டா" என்றார் அத்தை. அங்கிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், செங்குன்றம் வழியாக வீடு வருவதற்குள் இரண்டு பேரும் அவர் மடியிலேயே தூங்கிப்போனார்கள்.