விலையை ஏற்றாத 4 வருஷம்: அக்கம்பக்கத்து உணவகம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். உணவகம் திறந்து 3 வருஷம் ஆகிறது. கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்றார். கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னேன். அதைத் திறப்பதற்கு முன்பே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "திறந்த அன்னைக்குப் போட்ட விலைதான் அண்ணே. இன்னைக்கு வரைக்கும் கை வைக்கல."

எனக்குச் சுருக்கென்றது. 'விலையில் கை வைக்கல' என்பதை, இதே பெருமையோடு, ஒரு காலத்தில் நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

21 வருஷமாக ஒரே கடை, ஒரே முதலாளி. இந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் நான் விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சுத்தமாக இருங்கள், ருசி முக்கியம், வாடிக்கையாளரிடம் எரிந்து விழாதீர்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் கடையே திறக்கக் கூடாது. முதல் வருஷத்தைத் தாண்டிவிட்ட கடை மூன்றாவது, ஏழாவது, பத்தாவது வருஷங்களில் செய்யும் தவறுகள் வேறு வகை. திறந்த நாளில் அவை கண்ணில் படுவதே இல்லை.

பழைய முகங்களுக்காக விலையை ஏற்றாமல் இருப்பது

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும் தவறு இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தினமும் அதே முகங்கள்தான் தெரியும். இவர் ஓய்வு பெற்றவர், அவருக்கு இரண்டு குழந்தைகள், அந்தப் பையனுக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. இவர்களிடம் போய் எப்படி விலையை ஏற்றுவது என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தயக்கத்துக்குக் 'கொள்கை' என்று பெயர் வைத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. பயத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதைத் தொடவே மனசு வராது.

கணக்கைப் பாருங்கள். எளிமைக்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். 100 ரூபாய்க்கோ வேறு எந்தப் பணத்துக்கோ அல்ல, வெறும் 100 என்றே வைத்துக்கொள்வோம். விற்பனை 100. அதில் சரக்குக்கு 32, சம்பளத்துக்கு 30, வாடகை 10, எரிபொருள், மின்சாரம், பழுதுபார்ப்பு, இதர செலவுகள் 18. மிச்சம் 10. ஆரோக்கியமான கடைதான். சரக்கும் சம்பளமும் சேர்ந்து விற்பனையில் 60 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. இந்தக் கடை 62-ல் நிற்கிறது.

இப்போது சரக்கு விலை வருஷத்துக்கு 7 சதவீதமும், சம்பளம் 5 சதவீதமும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது எதுவுமே ஏறவில்லை, விற்பனையும் குறையவில்லை. முதல் வருஷ முடிவில் 10 என்பது 6 சொச்சம் ஆகும். இரண்டாம் வருஷம் 2 சொச்சம். மூன்றாம் வருஷம் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 2. கடை நிறைய ஆள், வாசலில் வரிசை, ஆனால் ஒவ்வொரு தட்டும் நஷ்டத்தில் போகிறது. இதில் கொடுமை என்னவென்றால், தினப்படி கல்லாவில் பணம் புரள்வதால் அது தெரியவே தெரியாது. சரக்குக்காரருக்குப் போன வாரத்துப் பாக்கியை இந்த வாரத்து விற்பனையில் கொடுப்பீர்கள். அது இரண்டு வாரமாகும், அப்புறம் ஒரு மாசமாகும். பாக்கி ஏறிக்கொண்டிருப்பதைத் தொழில் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் நினைத்துக்கொண்டேன்.

இதே கடை வருஷத்துக்கு வெறும் 4 சதவீதம் விலை ஏற்றியிருந்தால் மூன்றாம் வருஷ முடிவிலும் அந்தப் 10 அப்படியே இருந்திருக்கும். 4 சதவீதம்! மெனுவில் இருக்கும் எண்ணைக் கூர்ந்து பார்ப்பவருக்குக்கூட உறைக்காத அளவு.

சரி, நான் விலையை ஏற்றவில்லை. அதற்குப் பதிலாக என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். ஏனென்றால் விலை ஏறாவிட்டாலும் வேறு ஏதாவது நகர்ந்தே தீரும். முதலில் கரண்டி சின்னதானது. யாரும் முடிவெடுத்து மாற்றவில்லை. பெரிய கரண்டி உடைந்தபோது கடையில் கிடைத்த கொஞ்சம் சின்னதை வாங்கினேன், அவ்வளவுதான். அப்புறம் எண்ணெய் மாறியது. அப்புறம் குளிர்பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்தது, மாற்றாமல் விட்டேன். அப்புறம் சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டேன். 9 வருஷம் என்னோடு இருந்த மாஸ்டர் ஒரு நாள் சாயங்காலம் ஏப்ரனை மடித்துக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார். சண்டை எதுவும் போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை.

விலையைத் தொடாமல் விட்ட நான்காம் வருஷ முடிவில் வேறு வழியில்லாமல் ஒரே நாளில் 20 சதவீதம் ஏற்றினேன். புதுப் பலகை எழுதி மாட்டிய அன்று மதியம், மூலை மேஜைக்காரர் வந்தார். கடை திறந்த முதல் வாரத்திலிருந்து வருபவர். எந்த மனிதருக்காக விலையை ஏற்றாமல் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ அவர்தான். பலகையைப் பார்த்தார், சாப்பிட்டார், பணம் கொடுத்தார். போகும்போது, "2 வருஷமா அளவு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கஷ்டம்னு தெரிஞ்சது. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்" என்றார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த 5 மாசம் அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. வருஷத்துக்கு இரண்டு தடவை, குறித்து வைத்த தேதியில், கூட்டம் எப்படி இருந்தாலும், மனசு எப்படி இருந்தாலும், விலையைப் பரிசீலிப்பேன். ஏற்றியே ஆக வேண்டும் என்றில்லை, பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு அட்டை உண்டு. அதில் சரக்கின் எடை வாங்கிய கணக்கில் இருக்கும், தட்டில் விழுந்த கணக்கில் அல்ல. தோல் சீவிய வெங்காயத்தின் எடையும் வாங்கிய வெங்காயத்தின் எடையும் ஒன்றல்ல. இறைச்சி வெந்தால் ஏறக்குறைய கால்வாசி எடை போய்விடும். அந்தக் கால்வாசிக்கும் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றுவதும் வேண்டாம். 1982-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானா, டொனால்ட் ஸ்மித் இருவரும் ஒரு முறையைச் சொன்னார்கள். மெனுவில் உள்ள ஒவ்வொன்றையும் இரண்டே கேள்விகளால் பிரிப்பது: எவ்வளவு விற்கிறது, ஒரு தட்டுக்கு எவ்வளவு மிச்சம் தருகிறது. இரண்டும் அதிகமென்றால் நட்சத்திரம். நிறைய விற்று, மிச்சம் குறைவாகத் தருவது உழவுக்குதிரை. மிச்சம் தந்தும் விற்காதது புதிர். இரண்டுமில்லாததை அவர்கள் நாய் என்றார்கள் (நாய்க்கு இது அநியாயம்). என் அனுபவத்தில் அக்கம்பக்கத்துக் கடையைச் சாய்ப்பது உழவுக்குதிரைகள்தான். தினமும் எல்லோரும் கேட்பது அதுதான், முதலாளி தொடப் பயப்படுவதும் அதுதான். அதில் ஒரு சிறு ஏற்றம் மற்ற 10 பதார்த்தங்களில் செய்யும் ஏற்றத்தைவிடக் கடையை அதிகம் தாங்கும்.

இன்னொன்று: ஏற்றுவதற்கு 2 வாரம் முன்பே கல்லாவில் ஒரு சின்ன அட்டை வையுங்கள். காரணம் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். தேதி போதும்.

கேட்டதையெல்லாம் மெனுவில் சேர்ப்பது

திறந்தபோது என் மெனுவில் 22 இருந்தது. எட்டாம் வருஷம் எண்ணிப் பார்த்தேன், 61. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். "இது போட்டா தினமும் வருவேன்" என்று சொன்னவர்கள். அவர்கள் ஏற்கெனவே தினமும்தான் வந்துகொண்டிருந்தார்கள். சேர்த்த பிறகும் பழையதைத்தான் சாப்பிட்டார்கள்.

61 பதார்த்தத்துக்கு வேண்டிய சரக்கு குளிர்பெட்டியில் காத்திருக்கும், அழுகும், குப்பைக்குப் போகும். மாஸ்டரின் கையும் தடுமாறும். ஒரு நாளைக்கு 40 தடவை செய்வது கையில் படியும், வாரத்துக்கு ஒரு தடவை செய்வது படியாது. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். நான் 61-ஐ 30 ஆக்க 2 வருஷம் எடுத்துக்கொண்டேன். எடுத்த 31-ல் நான்கைத்தான் யாராவது தேடினார்கள்.

ருசியைக் கண்ணளவில் விடுவது

மாஸ்டர் போன அன்றுதான் தெரிந்தது, கடையின் ருசியும் அவரோடு கிளம்பிவிட்டது என்று. "ஒரு கை", "கொஞ்சம்", "நிறம் மாறுற வரைக்கும்" என்பதுதான் எங்களிடம் இருந்த செய்முறை. அந்தக் கை எங்கள் கை அல்லவே. ஆள் கடையில் இருக்கும்போதே, உறவு நன்றாக இருக்கும்போதே, தராசை வைத்து எடை எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு அவருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். அது அவருடைய சொத்து.

பாத்திரம் பெரிதாகி, குளிர்பெட்டி அப்படியே இருப்பது

கூட்டம் கூடும்போது முதலில் வளர்வது பாத்திரம். முன்பு சின்னப் பாத்திரத்தில் செய்து அன்றே தீர்ந்தது, இப்போது அண்டாவில் செய்து மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கிறீர்கள். இங்கேதான் ஆபத்து. சமைத்த உணவு 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வர வேண்டும் என்கிறது அமெரிக்காவின் உணவு விதித் தொகுப்பு. இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அண்டா நிறையக் கெட்டியான குழம்பை மூடி வைத்தால் அதன் நடுப்பகுதி ராத்திரி முழுக்கக் கதகதப்பாகவே இருக்கும். அதை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளினால் பக்கத்தில் இருப்பதும் சூடாகும்.

ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள், பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறுங்கள். ஒரு வெப்பமானி வாங்குங்கள். கையை வைத்துப் பார்த்து "ஆறிடுச்சு" என்று சொல்வது கணக்கில் வராது. 6 வருஷம் நானும் கையைத்தான் வைத்துப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை.

வாடகை ஒப்பந்தம் முடியப்போகும் நேரத்தில் அடுப்படியைப் புதுப்பிப்பது

வேண்டாம். முதலில் கையெழுத்து, அப்புறம் கொத்தனார்.

இரண்டாவது கிளை

என் வாழ்க்கையில் 14 மாசம் இரண்டு கடை வைத்திருந்தேன். புதுக் கடையில் நான் நின்றால் பழைய கடையில் ருசி சறுக்கியது, பழைய கடைக்கு ஓடினால் புதுக் கடையில் பில் சறுக்கியது. ஒரே முதலாளியின் கடை என்பது அவர் கண்ணை நம்பி நிற்பது. தட்டு திரும்பி வரும்போது அதில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற கண். அந்த வேலையைச் செய்ய ஒருவரைத் தயார் செய்யாமல் இன்னொரு கதவைத் திறக்காதீர்கள். எளிய சோதனை ஒன்று உண்டு. போனை அணைத்துவிட்டு 10 நாள் கடைப்பக்கம் போகாமல் இருந்து பாருங்கள். திரும்பி வரும்போது கடை நன்றாக இருந்தால் கிளையைப் பற்றி யோசிக்கலாம். என்னால் 3 நாள்கூட இருக்க முடிந்ததில்லை.

எல்லாவற்றையும் பார்சலில் கொடுப்பது

மொறுமொறுப்பானது மூடிய டப்பாவில் வேர்த்து நனைந்துவிடும். பார்சலுக்குத் தனி மெனு போடுங்கள்.

கடையை அழகாக்கும்போது

எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். மூலை மேஜையை நகர்த்தாதீர்கள்.

முதலாளிக்குச் சம்பளம் எழுதாமல் இருப்பது

மேலே சொன்ன கணக்கில் மிச்சம் 10 என்றேனே, அதில் ஒரு பொய் இருக்கிறது. காலை 5 மணிக்குச் சந்தைக்குப் போய், ராத்திரி 11 மணிக்குக் கதவைப் பூட்டும் ஆளின் சம்பளம் அதில் இல்லை. அந்த ஆள் நான். எனக்குப் பதிலாக ஒரு மேலாளரை வைத்திருந்தால் என்ன கொடுத்திருப்பேனோ அதைச் செலவில் எழுதிப் பார்த்த அன்று, லாபம் என்று நினைத்திருந்தது என் கூலிதான் என்று தெரிந்தது. அதுவும் குறைந்த கூலி.

அந்தத் தம்பியின் நோட்டிலும் அந்த வரி இல்லை. பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னேன். எழுதினார், கூட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏத்தினா வர்றவங்க என்ன நினைப்பாங்க அண்ணே?" என்று கேட்டார். மூலை மேஜைக்காரர் கதையை அவருக்கும் சொன்னேன்.

போன வாரம் அவர் கடைக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பலகையில் மூன்று விலைகள் மட்டும் மாறியிருந்தன. மூன்றும் உழவுக்குதிரைகள். கரண்டியைக் கவனித்தேன், பெரிய கரண்டிதான். "ஒருத்தரும் கேட்கல அண்ணே, இன்னும் நாலஞ்சு ஏத்திடலாமா?" என்றார்.

"ஆறு மாசம் பொறு தம்பி" என்றேன்.