வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே கொக்கு இல்லை

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பைனாகுலரோடு போன முதல் மாதம் குறிப்பேட்டில் எழுதியது ஒன்றுதான்: வெள்ளைக் கொக்கு. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் நாலு வகை இருக்கிறது!

பறவையைப் பார்த்தவுடனே புத்தகத்தைத் திறப்பதுதான் என் தப்பு. நிமிர்வதற்குள் அது பறந்திருக்கும். அப்புறம் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, அலகு, கால், முகம் என்ற வரிசையில் பார்த்துக் கிறுக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் சேற்றில் நடந்த கொக்கு காலைத் தூக்கியது. கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், சாக்ஸ் போட்ட மாதிரி. அலகும் கறுப்பு. சரி, இது சின்னக் கொக்கு! மாட்டின் பின்னால் திரிகிற, மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் உள்ளது உண்ணிக்கொக்கு.

பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. உயரத்தை நம்ப முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொன்று நின்றால்தானே? வாய்க்கோட்டை, அதாவது வாய் ஓரத்திலிருந்து கண் பக்கமாகப் போகும் கோட்டைப் பார்க்க வேண்டும். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரம். அலகின் நிறம் இனப்பெருக்கக் காலத்தில் மாறும், இந்தக் கோடு மாறாது.

ரொம்பத் தூரத்தில் நிற்பதை இன்றும் வெறும் 'கொக்கு' என்றுதான் எழுதுகிறேன்.